மெத்தை வீட்டுப் பாசியும் சந்திரகிரி சுண்ணாம்பும்

போன வாரம் சனிக்கிழமை ஏணி போட்டு எங்கள் வீட்டுக் கூரை மேல் ஏறினேன். வான்கூவர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அக்டோபரில் ஆரம்பிக்கிற மழை, வசந்தம் வரைக்கும் விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். நம்ம ஊர் மாதிரி மூன்று நாள் கொட்டித் தீர்த்துவிட்டு "போய்ட்டு வரேன்"னு கிளம்புகிற மழை இல்லை இது. சம்பந்தி வீட்டுக்கு வந்த மாமனார் மாதிரி உட்கார்ந்துவிடும். அதனால் இங்கே எல்லார் வீட்டுக் கூரையிலும் பாசிதான். அதுவும் வடக்குப் பக்கம், வெயிலே படாத சரிவில், கம்பளம் விரித்தது போலப் பச்சைப் பசேலென்று.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை போடுகிற ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. இந்தப் பாசிக்கு வேர் கிடையாது. மயிர் மாதிரி இழைகளால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை, அது பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. தார் ஓடுகளின் விளிம்பை மெல்ல மெல்லத் தூக்கிவிடும், அடியில் ஈரம் போகும், கடைசியில் பலகை உளுத்துப்போகும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பாசியோடு ஓட்டின் மேல் இருக்கும் மணல் பரப்பும் போய்விடும் என்பதால் அதையும் செய்யக்கூடாதாம். மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, கூரை உச்சியில் துத்தநாகப் பட்டை அடிக்கச் சொன்னார். மழைத் தண்ணீர் அதன் மேல் பட்டு வழியும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் துத்தநாகம் பாசியை வளர விடாது. செம்புக்கும் அதே குணம் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போனால் சால்மன் மீனுக்கு ஆகாது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். எதைத் தொட்டாலும் ஒரு வில்லங்கம்!

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இறங்கி வந்தால், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "சித்தூர் வீட்டைக் காப்பாத்தின மாதிரி இதையும் காப்பாத்திடாதீங்க."

சுருக்கென்றது. உண்மை அப்படி. அந்தக் கதைக்குப் போக, கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது. நானூறு வருஷத்துக் கொசுவத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சித்தூரில் என் கொள்ளுத்தாத்தா 1920களில் கட்டியது. நம்ம பக்கத்துப் பேச்சில் 'மெத்தை வீடு'. தெலுங்கில் 'மித்தெ' என்பார்கள். கட்டட இன்ஜினியர்கள் இந்த மாதிரிக் கூரைக்கு வைத்திருக்கும் பெயர் மெட்ராஸ் டெரஸ். இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை என்பதால் விளக்கிச் சொல்கிறேன்.

சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள் போடுவார்கள். அதன் மேல் சின்னச் சின்ன, மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழிருந்து முட்டுக்கொடுக்காமலே ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அது காய்ந்ததும் மேலே மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அதை அடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் வரைக்கும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடிக்கிற கட்டை ஜல்லியில் பதியாமல் எகிறித் திரும்பினால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. கடைசியாக இரண்டு அடுக்குத் தட்டோடு. தண்ணீர் தூம்புப் பக்கம் ஓடுகிற மாதிரி லேசான வாட்டம். (வலைப்பதிவில் ஜல்லியடிப்பதற்கும் இந்த ஜல்லி அடிப்பதற்கும் சம்பந்தமில்லை. இது உழைப்பு.)

இந்தச் சுண்ணாம்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் பூதலப்பட்டு, பாகாலா தாண்டிப் போனால், திருப்பதிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மலையடிவாரத்தில் சந்திரகிரிக் கோட்டை வரும். பி.காம் படிக்கும்போது வாரா வாரம் அந்த வழியாகப் போய்வந்தும் நான் உள்ளே போனது ஒரே முறைதான். 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்த பிறகு ராயர்கள் பெனுகொண்டாவுக்குப் போனார்கள், பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து சந்திரகிரிக்கு வந்தார்கள். 1640களில் கோல்கொண்டாப் படை வந்து கதையை முடிக்கும் வரை, மிச்சமிருந்த ராஜ்ஜியத்தின் முக்கியமான கோட்டையாக இருந்தது இது.

அங்கே இருக்கும் ராஜமகாலின் விசேஷம், மூன்று அடுக்கிலும் மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்பு. அவ்வளவுதான். வளைவுகளின் மேல் வளைவுகளாக ஏற்றிக்கொண்டே போய் மேல்தளத்தை நிறுத்தியிருக்கிறார்கள். உளுத்துப்போக ஒன்றும் இல்லாததால் நானூறு ஐப்பசி கார்த்திகை பார்த்தும் நிற்கிறது. இப்போது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

இந்த இடத்துக்கும் மெட்ராஸுக்கும் ஒரு உறவு உண்டு. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்து மணல்மேட்டை எழுதிக்கொடுத்தவர், சந்திரகிரி ராயருக்குக் கீழே இருந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அதை 1645-இல் ஸ்ரீரங்கராயர் உறுதி செய்து கொடுத்தார். வெள்ளைக்காரன் அந்தக் கடற்கரையில் வீடு கட்ட ஆரம்பித்ததும், நம்ம கொத்தனார்களின் சுண்ணாம்பைப் பார்த்து அசந்துபோனான். கிளிஞ்சல் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து, பளிங்கு மாதிரி மினுமினுக்கத் தேய்த்த சுவர்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று சீமை வரைக்கும் பேர் போனது. கடல் இல்லாத எங்கள் பக்கத்தில் கிளிஞ்சலுக்கு எங்கே போவது? சுக்காங்கல்லைக் காளவாயில் சுட்டார்கள். வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடு இழுக்க, சாந்து அரைப்பார்கள். 1911 வரை சித்தூர்தான் வடஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகரம். அந்தக் காலத்து மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு ஊர் ஜில்லாத் தலைநகரம் என்றால் கச்சேரி, ஆபீஸ், வக்கீல் வீடு, இவை எல்லாவற்றுக்கும் மெட்ராஸ் டெரஸ்தான் கௌரவம். 1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆனது, 1953-இல் ஆந்திராவுக்குள் வந்தது, 1960-இல் திருத்தணி மட்டும் மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் தமிழ் பேசிக்கொண்டு இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். தலைக்கு மேல் இருந்த கூரை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆற்காட்டிலும் வேலூரிலும் இருந்த அதே கூரை.

சரி, பாசிக்கு வருவோம்.

சுண்ணாம்புத் தளத்தில் பாசி வராதா என்றால், வரும். சுண்ணாம்பு புதுசாக இருக்கும்போது காரம் அதிகம், அதில் எதுவும் முளைக்காது. காற்று பட்டுப் பட்டுக் காரம் குறைந்ததும் பாசி வந்து உட்காரும். மொட்டை மாடியில் நாம் பார்க்கிற கறுப்புப் படலம் அழுக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உயிர்தான், நீலப்பச்சைப் பாசி வகை. சித்திரை வெயிலில் கருகாமல் இருக்க அதுவே ஒரு கறுப்பு நிறத்தைச் சுரந்து குடை மாதிரிப் போர்த்திக்கொள்கிறது. மாசக்கணக்கில் செத்தது போலக் கிடந்து, முதல் மழை பட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து வழவழவென்று ஆகிவிடும். கோயில் மதில்களின் கறுப்பிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதை எடுப்பது எப்படி என்பதில் பெரிய பெரிய ஆட்களே சண்டை போட்டிருக்கிறார்கள். 1986-லிருந்து 1993 வரை கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் நம்ம தொல்லியல் துறைதான் பாசியும் காளானும் எடுத்துச் சுத்தம் செய்தது. அம்மோனியா கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவினார்கள். கல் பளிச்சென்று ஆனது. ஆனால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து போனது என்று வெளிநாட்டு நிபுணர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். இல்லை, நாங்கள் செய்யாவிட்டால் கோயிலே போயிருக்கும் என்பது நம்மாட்களின் பதில். எனக்கு இதில் தீர்ப்பு சொல்லத் தகுதியில்லை. ஆனால் பாசியை மட்டும் பார்த்துவிட்டு அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஆயா இதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். புரட்டாசி வந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகப் போவார்கள். மூன்றாவது சனிக்கிழமைக்குள் மாடி சுத்தமாகிவிட வேண்டும், ஏனென்றால் ராத்திரி சில பேர் அங்கேதான் படுப்பார்கள். இரண்டு ஆட்கள் வந்து கொட்டாங்கச்சியாலும் தென்னந்துடைப்பத்தாலும் பாசியைச் சுரண்டித் தேய்ப்பார்கள். இரும்பு மேலே படக்கூடாது, தட்டோட்டின் இடுக்குச் சாந்து பெயர்ந்துவிடும். தூம்பு வாயில் அடைத்த இலை தழை எடுக்க வேண்டும். சுவரோரம் முளைத்த அரசங்கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் கடுக்காய்ச் சாந்து அடைக்க வேண்டும். கடைசியாக நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு கை பூச்சு. வெள்ளை வெளேரென்று மாடி மின்னும், வெயில் காலத்தில் வீடும் சில்லென்று இருக்கும்.

பாசி கறுத்த இடத்தை எல்லாம் தேய்ப்பதற்கு முன்னால் ஆயா ஒரு முறை சுற்றிப் பார்ப்பாள். எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே வாட்டத்தைச் சரி பண்ணு என்பாள் மேஸ்திரியிடம்.

இந்த வழக்கம் எப்படிப் போனது? இங்கேதான் காமர்ஸ் படித்தவன் மூக்கை நுழைக்கிறான். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முயற்சி 1904-இல் மெட்ராஸில்தான் நடந்தது, தேறவில்லை. 1914-இல் போர்பந்தரில் ஆரம்பித்தது நிலைத்தது. அதற்குப் பிறகும் ரொம்ப காலம் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. பெர்மிட் வாங்கி, மூட்டை எண்ணி வாங்க வேண்டிய சாமான். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பாத்ரூம் கட்ட நாலு மூட்டைக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததாகச் சொல்வார். 1982-இல் பாதிக் கட்டுப்பாடு போனது, 1989-இல் முழுசாகப் போனது. அதற்கப்புறம் தெருவுக்குத் தெரு சிமெண்ட் கடை. நான் பார்த்து வளர்ந்த காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு வாரம் ஜல்லி அடிக்க இருபது பேருக்குக் கூலி கொடுப்பதைவிட, ஒரே நாளில் கான்கிரீட் கொட்டிவிடலாம். யாரைக் குறை சொல்ல முடியும்? அந்த இருபது பெண்களும் வேறு வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

கூடவே வீட்டுக்கடனும் வந்தது. 2001-லிருந்து ஆறு வருஷம் நான் ஒரு வங்கிக் கிளையில் வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஆந்திர நகராட்சிச் சொத்துவரியில் கூரையைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வகுப்புப் பிரிப்பார்கள். மேலே ஆர்.சி.சி., அதற்குக் கீழே மெட்ராஸ் டெரஸ், அதற்கும் கீழே மங்களூர் ஓடு, நாட்டோடு, குடிசை. என் மேஜையிலும் கிட்டத்தட்ட அதே கண்ணோட்டம்தான். சுண்ணாம்புத் தளம் என்று மதிப்பீட்டு அறிக்கையில் பார்த்தால் கை தானாகக் கடன் காலத்தைக் குறைக்கும். நல்ல தளத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட எத்தனை பேருக்கு நானே யோசனை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கெடுக்காமல் இருப்பது நல்லது.

2009. நான் இங்கே வந்து இரண்டு வருஷம். நைனா போய்விட்டார், அம்மா தனியாக இருந்தாள். மாடியில் பாசி வழுக்கி அம்மா ஒரு நாள் விழுந்து, கையில் கட்டு. போனில் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எக்செல் ஷீட் ஒன்று போட்டேன். வருஷா வருஷம் தேய்ப்புக்கும் பூச்சுக்கும் ஆறாயிரம், அதுவும் ஏறிக்கொண்டே போகும், ஆளும் கிடைப்பதில்லை. ஒரே தடவை எழுபதாயிரம் செலவழித்து மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் தளம் போட்டால் தொல்லை விட்டது. கணக்கு கச்சிதமாக இருந்தது.

எங்கள் பழைய மேஸ்திரி அப்போது எழுபது தாண்டியவர். அம்மாவிடமிருந்து போனை வாங்கிப் பேசினார். "தம்பி, வேணாம்பா. சுண்ணாம்பு தண்ணிய குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும். மேல சிமெண்ட் போட்டா குடிச்சத எங்க விடும்? கீழதான் விடும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லீங்க மேஸ்திரி, இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அவர் அந்த வேலையை எடுக்கவில்லை. வேறு ஆளை வைத்துப் போட்டோம். முதல் மூன்று வருஷம் பிரமாதம், பாசியே இல்லை. சிமெண்டுக்கும் முதலில் காரம் உண்டல்லவா, அதுதான். அப்புறம் மயிரிழை மாதிரி வெடிப்புகள். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. மேலே ஆவியாகப் போக வழியில்லாமல், கீழே தேக்குச் சட்டங்கள் சுவருக்குள் நுழைகிற முனைகளில் போய்த் தங்கியது. ஹாலில் ஜன்னலுக்கு மேலே உட்கூரையில் கறுப்பாகப் படர்ந்தது. அம்மா இரண்டு மூன்று தடவை சொன்னாள். பெயிண்ட் அடிக்கப் பணம் அனுப்பினேன்.

2021 நவம்பர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு அம்மா திருப்பதியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். 18-ஆம் தேதி பிடித்த மழை. திருமலை மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து பக்தர்கள் மாட்டிக்கொண்டார்கள், திருப்பதித் தெருக்களில் ஆறு ஓடியது, சில நாள் கழித்து ராயலசெருவு ஏரிக்கரை உடையப்போகிறது என்று சுற்றுவட்டார ஊர்களைக் காலி செய்தார்கள். அம்மா கிளம்ப முடியாமல் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். சித்தூரிலும் விடாத மழை. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஹாலின் வடகிழக்கு மூலை, இரண்டு சட்டத்தோடு கீழே வந்துவிட்டது. கட்டில் மேல். அம்மா படுக்கிற கட்டில்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

2023-இல் ஊருக்குப் போனபோது இடித்துவிடலாம் என்றுதான் அக்காவும் அத்தானும் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். அதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மேஸ்திரியைத் தேடினால் அவர் காலமாகியிருந்தார். பேரன் வந்தான். ஹைதராபாத்தில் அபார்ட்மெண்ட் வேலை செய்கிற பையன். பின்பக்க இரண்டு அறைகளின் மேலிருந்த சிமெண்டை மெதுவாக உடைத்து எடுத்தான். அடியில் தட்டோடுகள் முக்கால்வாசி முழுசாக இருந்தன. ஒரு மூலையில் ஓட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு ஜல்லியைச் சுத்தியால் தட்டினான். டங்கென்று சத்தம் வந்தது. "அண்ணா, இது இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்றான், தெலுங்கும் தமிழுமாக. தாத்தாவின் தாத்தா அடித்த தளமோ என்னவோ.

ஹாலைக் காப்பாற்ற வழியில்லை, அங்கே ஆர்.சி.சி. போட்டோம். பின்பக்க அறைகளில் உளுத்த சட்ட முனைகளை மாற்றி, பழையபடி சுண்ணாம்புத் தளமே. சித்தூர் முழுக்கத் தேடியதில் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு தாராளமாகக் கிடைத்தது! கட்டடச் சுண்ணாம்பு, காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்கு வேலை செய்கிற ஆட்கள் மூலமாக லாரியில் வந்தது. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. செலவைக் கேட்காதீர்கள், எக்செல் ஷீட் போடவில்லை.

போன சனிக்கிழமை பாசி தேய்த்த கையோடு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு காலை. மேஸ்திரி பேரன் அனுப்பிய இரண்டு ஆட்கள் மாடியில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை மாடி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம், கேட்டால்தானே. தூம்புப் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க பாரு, இந்த மூலைல மட்டும் தடிப்பா இருக்குது. தண்ணி நிக்குது போல. பையன் கிட்ட சொல்லியிருக்கேன்."

"சரிம்மா. இறங்கு நீ மொதல்ல."

"இரு. ரெண்டு அரசங்கன்னு இருக்குது, அதையும் காட்டிட்டு எறங்கறேன்."